காயப்போட்ட கன்ட்ரோலர்

தாயி,

நலம், நலமறிய ஆவல்னு எழுதித்தான் ஆரம்பிக்கணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாக. நான் நலமா இல்லையாங்குறதுதான் இப்ப நமக்குள்ள வழக்கே, அதனால அந்த வரிய விட்டுட்டு நேரா விசயத்துக்கு வாரேன். ஞாயித்துக்கெழமை நீ பெங்களூர்லருந்து அம்மாகிட்ட போன்ல பேசுனப்ப நான் தூங்கல. அடுத்த ரூம்புல கண்ண மூடிப் படுத்திருந்தேன், அம்புட்டுத்தான். உங்கம்மா போன ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டுத்தான் கீரை ஆய்வா, அது ஒனக்கே தெரியும். ஜப்பான்ல ரெண்டு வருச வேலை, வீடியோ கேம் கன்ட்ரோலருக்கு வடிவம் போடுற எடத்துலேயே, வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும்னு சொன்ன. ஒரே மூச்சுல, "அப்பா கைய இப்படி விட்டுட்டு எங்கிட்டும்மா போறது, வேணாம்னு சொல்லிடப் போறேன்"னும் சொன்ன. அம்மா கீரை ஆயுற சத்தம் நின்னுபோச்சு.

போன்லயே உன்கிட்டப் பேசியிருக்கலாம். பேசுனா நீ குறுக்க ஒன்னு சொல்லுவ, நான் கத்துவேன், அம்மா வந்து போனப் புடுங்குவா. இருபத்தாறு வருசமா நம்ம வீட்டுல பேச்சு அப்படித்தான் முடியுது. அதான் இன்னைக்கு, திங்கக்கெழமை காலையிலேயே எழுத உக்காந்துட்டேன், வியாழக்கெழமை முடிச்சிரணும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அதுக்கு மேல கை கேக்க மாட்டேங்குது. கோழி கிண்டுன மாதிரி இருக்கும், பொறுத்துக்க. ஆனா எந்தக் கையால எழுதியிருக்குன்னு மட்டும் பார்த்துக்க. இடது கையில எழுத எனக்கு எந்தக் காலத்துலயும் வராது. அம்மா இத போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவா.

முதல்ல ஒரு பழைய பொய்ய ஒத்துக்கணும். உனக்குப் பதினாலு வயசு இருக்கையில, சிங்கப்பூர்ல வேலை பார்த்த உன் மாமன் ஒரு கேம் பெட்டி வாங்கிட்டு வந்தான்ல, அதுலருந்து ஆரம்பிக்கிறேன். அதோட வந்த கன்ட்ரோலர் உன் கைக்குப் பெருசு. ரெண்டு கையாலயும் பிடிச்சா உன் கட்டைவிரல் அங்குட்டுக் கடைசில இருக்குற பட்டனுக்கு எட்டாது. அத மடியில வச்சுக்கிட்டு, ஆள்காட்டி விரலால குத்திக் குத்தி விளையாடுவ. ஒரு நாள் எங்கிட்ட வந்து, இத யாரோ பெரிய ஆம்பளைக கைய வச்சே அளவெடுத்திருக்காகப்பா, என்னைய மாதிரி ஆளுகள கேக்கவே இல்லைன்னு சொன்ன. நான் சிரிச்சேன். உன் கையத் தேடிக்கிட்டு எவனாவது அளவெடுக்க வருவானா, இருக்குற பொருளுக்குத் தக்கன கையப் பழக்குன்னு சொன்னேன். புதுவயல் அரிசி மில்லுல ஃபோர்மேனா இருக்குறவன், எந்த மெசினுக்கு எந்தக் கை ஒத்துவரும்னு தெரிஞ்சவன் சொல்ற பேச்சா அது? மில்லுல மூட்டை தூக்குற லோடுமேன் ஒருத்தன் கொக்கிய இன்னொருத்தன் தொட மாட்டான். அவனவன் உள்ளங்கைக்குத் தக்கன பிடியில துணியச் சுத்தி வச்சிருப்பான். அத தெனமும் பார்க்குறவனுக்கு, பெத்த பிள்ளை சொன்னது மண்டையில ஏறல.

அப்புறம் அந்த ஞாயித்துக்கெழமை. நெற்குப்பையிலருந்து உன் பெரியப்பா வந்தாக. நீ விளையாட்டுல கடைசிச் சுத்துல இருந்த, திரும்பிப் பார்க்கல. வீட்டுக்கு வந்தவகளை வாங்கன்னு கேக்காம இருந்தா நம்ம பக்கம் அதுக்கு மேல குத்தம் கெடையாது. அண்ணன் ஒன்னும் நெனச்சுக்கல, சின்னப்புள்ளடா விடுன்னுதான் சொன்னாக. எனக்குத்தான் மூக்குக்கு மேல கோவம். கன்ட்ரோலரப் புடுங்கி, வயரோட இழுத்து, கொல்லையில இருக்குற தண்ணித் தொட்டியில போட்டேன். நீ அழுகல. எந்திரிச்சு வந்து, வாங்க பெரியப்பான்னு கேட்டுட்டு உள்ள போயிட்ட. அழுதிருந்தாக்கூட எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

மறுநாள் விடியும்போதே எனக்கு மனசு கேக்கல. தொட்டிக்குள்ள கைய விட்டு எடுத்து, துடைச்சு, சாப்பாட்டுப் பையில வச்சு மில்லுக்குக் கொண்டு போனேன். நனைஞ்ச பொருளக் காய வைக்கிறதுல என்னைய விட்டா யாருன்னு ஒரு நெனப்பு. களத்துல அவிச்ச நெல்லு பரப்பியிருந்தாக, அதுக்கு ஓரத்துல இதையும் வச்சேன். நெல்லக் கெளறுற நேரமெல்லாம் இதையும் திருப்பித் திருப்பிப் போட்டேன். களத்துல வேலை பார்த்த பொம்பளைக, என்ன ஃபோர்மேன் இது புது ரக நெல்லான்னு கேலி பண்ணுனாக. மத்தியானத்துக்கெல்லாம் மேல சுத்தமாக் காஞ்சிருச்சு. அத்தோட எடுத்துட்டு வந்திருந்தா ஒருவேளை அது பொழைச்சிருக்கும். ஆனா நெல்லுக்காரன் புத்தி சும்மா இருக்குமா? மேல காஞ்சாலும் உள் ஈரம் நிக்கும், உள் ஈரத்தோட அரைச்சா அரிசி நொறுங்கும்ங்குறது எங்க வேதம். உள் ஈரத்த எடுக்கணும்னு டிரையருக்குள்ள சூட்டுக்காத்து வர்ற வாய்க்கிட்ட வச்சுட்டு, பாய்லர் பக்கம் கூப்பிட்டாகன்னு போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தா கட்டைவிரலால தள்ளுற ரெண்டு ஸ்டிக்கு மேல இருந்த ரப்பரும் அல்வாவா இளகிக் கெடக்கு, பிளாஸ்டிக் கூடு ஒரு பக்கம் வளைஞ்சு நிக்குது. நேராக்குறேன்னு நான் ஒரு அமுக்கு அமுக்குனேன். என் கட்டைவிரல் தடம் அதுல அப்படியே பதிஞ்சு போச்சு.

சாயங்காலம் அத வச்சுக் கொண்டு வந்த சாப்பாட்டுப் பைய நீதான் கழுவ எடுத்த. உள்ள இருந்தத வெளிய எடுத்து என் முன்னாடி வச்ச. அன்னைக்கு நீ கேட்டதும் நான் சொன்னதும் இப்பவும் என் காதுல இருக்கு.

"எரிச்சுட்டீகளாப்பா?"

"ஆமா."

அந்த ஒத்தை வார்த்தைதான் நான் சொன்ன பொய். காய வைக்கப் போயி கெடுத்துட்டேன், முப்பது வருசம் டிரையர் பார்த்தவன் ஒரு விளையாட்டுச் சாமானப் பொசுக்கிட்டேன்னு பெத்த மகள்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. கோவக்கார அப்பனா இருக்குறது லேசு, முட்டாள் அப்பனா இருக்குறதுதான் கஷ்டம்னு நெனச்சுட்டேன். என்னத்தச் சொல்ல! அதுக்கப்புறம் நீ எங்கிட்ட எதுவும் கேக்குறதில்லை. எல்லாம் அம்மா வழியாத்தான். நீ டிசைன் படிக்கப் போறங்குறதே, காலேஜ்ல சேர்ந்து பெட்டி கட்டுற அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். பன்னெண்டு வருசம் தாயி. உன் பொருள நான் எரிச்சேன்னு நீ நெனச்சுக்கிட்டு இருந்த, நானும் நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். அந்த வளைஞ்ச கன்ட்ரோலர நீ குப்பையில போட்ட, நான் அன்னைக்கே எடுத்து மில்லுல என் டூல்ஸ் பெட்டிக்குள்ள வச்சிருந்தேன். நேத்துத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மன்னிச்சுக்கன்னு எழுத இந்தக் கைக்கு இப்பத்தான் வருது.

புரட்டாசியில எனக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும், வந்த விதம் தெரியாது. மூட்டையில குத்தூசியச் செருகி, தரம் பார்க்க அரிசி சாம்பிள் எடுத்துக்கிட்டிருந்தேன். ஊசி கையில இருக்கு, அரிசியும் இருக்கு, விரல மட்டும் காணோம். கையிலருந்து ஊசி விழுந்த சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. ஆஸ்பத்திரி, மாத்திரை எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பின்னாடி, பிசியோதெரபி பண்ண வந்தவரு ஒரு ரப்பர் பந்தக் குடுத்து அமுக்கச் சொன்னாரு. நாய்க்குட்டிக்குப் போடுற பந்து மாதிரி இருந்துச்சு. மூணாம் நாள் அத தூக்கித் தெருவுல எறிஞ்சேன், எறிஞ்சதும் இடது கையாலதான். அம்மா உனக்குப் போன் பண்ணி அழுதா. நீ ரெண்டு மாசம் வீட்டுலருந்தே வேலை பார்க்குறேன்னு ஆபீஸ்ல கேட்டுக்கிட்டு வந்து இறங்குன. வந்தவ நல்லா இருக்கீகளான்னுகூடக் கேக்கல. அந்தப் பந்துக்குப் பதிலா, உன் டிசைன் வேலைக்கு வச்சிருந்த மூணு கன்ட்ரோலரக் கட்டில்ல வரிசையா வச்சு, "எது வலிக்குதுன்னு மட்டும் சொல்லுங்கப்பா, மத்தத நான் பார்த்துக்கிறேன்"னு சொன்ன. பன்னெண்டு வருசம் கழிச்சு நீ எங்கிட்டக் கேட்ட மொதக் கேள்வி அது.

அந்த ரெண்டு மாசம் மாதிரி ஒரு காலம் என் வாழ்க்கையில இருந்ததில்லை. மெசின் பார்க்க வந்த ஃபோர்மேன் மாதிரி நான் ஒவ்வொன்னாக் கொறை சொல்லுவேன், நீ நோட்டுல எழுதுவ. வெள்ளைக் கன்ட்ரோலர் பார்க்க லட்சணம், உள்ளங்கை நெறைய உக்காருது. ஆனா ரெண்டு ஸ்டிக்கும் கீழ ஒரே மட்டத்துல இருக்குறதால கட்டைவிரல மடக்கிக்கிட்டே இருக்கணும், கால் மணி நேரத்துல விரலடி மூட்டு கடுக்குது. மேல துப்பாக்கிக் குதிரை மாதிரி ஒரு ட்ரிகர் இருக்கே, அது விளையாட்டுக்குத் தக்கன தானா இறுகுமாம். இறுகுறது என் விரல் இருக்குற லட்சணத்துக்குத் துருப்புடிச்ச ஷட்டர இழுத்த கதைதான். ரெண்டா பிரியுற சின்னது வேற மாதிரி. கைய ஒன்னா சேர்க்க வேணாம், இங்குட்டு ஒன்னு அங்குட்டு ஒன்னுன்னு தொங்கப்போட்டுக்கிட்டே விளையாடலாம், தோளுக்கு அம்புட்டு சொகம். ஆனா பட்டன் எல்லாம் கடுகு சைசு. இத பிள்ளைகளுக்குச் செஞ்சாகளா எறும்புக்குச் செஞ்சாகளான்னு கேட்டேன். நீ சிரிச்ச. கறுப்புதான் கனம், பின்னாடி பேட்டரி வைக்கிற எடம் வேற மேடு தட்டி நிக்குது. கொறைன்னு நீ எழுதுன. நான் இல்லைன்னேன். செத்த விரலுக்குப் பிடிமானமே அந்த மேடுதான், மத்த ரெண்டுலயும் விரல் வழுக்கிக்கிட்டுப் போகுதுன்னேன். நீ எழுதுனத அடிச்சுட்டு மறுபடி எழுதுன. நான் சொல்லி நீ ஒன்ன மாத்துனது அதுதான் மொதத் தடவை.

நடுவுல ஒரு சண்டையும் வந்துச்சு. உன் நோட்டுல "அப்பா, வலது ஆள்காட்டி, பாதி"ன்னு, விரல் பாதிதான் மடங்குதுங்குற கணக்க எழுதியிருந்தத நான் பார்த்துட்டேன். யாரு பாதின்னு கேட்டு ரெண்டு வேளை சாப்பிடல. நீ அத அழிக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. பாதின்னு எழுதாம முழுசுன்னு எழுதுனா உங்களுக்குச் சரிவராத பொருளத்தான் செய்வாகன்னு சொல்லிட்டு இட்லிய வச்சுட்டுப் போயிட்ட. யோசிச்சுப் பார்த்தேன், சரிதான். அன்னைக்கு மத்தியானம்தான் என் பழைய வேட்டியக் கிழிச்சு, கறுப்பு கன்ட்ரோலரோட வலது பிடியில லோடுமேன் கொக்கிக்குச் சுத்துற மாதிரி சுத்துனேன். சுண்டுவிரல் பக்கம் கனமா, மேல போகப் போக மெலிசா. பிடிச்சுப் பார்த்தா கை நடுங்கல. நீ குளிச்சுட்டு ஈரத் தலையோட வந்தவ அப்படியே நின்னுட்ட. எட்டுத் திசையிலருந்தும் போட்டோ எடுத்த, ஏன் இங்க கனம், ஏன் அங்க மெலிசுன்னு கேட்டுக் கேட்டு எழுதுன, ஆபீசுக்கு அனுப்புன. அந்த வேட்டித் துணியப் பார்த்துட்டுத்தான் ஜப்பான்காரவுக உன்னைய கூப்பிட்டிருக்காகன்னு நீயே அம்மாகிட்டச் சொன்ன. அப்ப யோசி. என் கையாலதான் அந்த வேலை வந்துச்சு. என் கையச் சொல்லியே நீ அத விடப்போறியா?

அங்குட்டுப் போனா ஒன்ன மட்டும் மனசுல வையி. நம்ம ஆளுகளக் கூப்பிட்டு வசதியா இருக்கான்னு கேட்டா, நல்லாத்தான் இருக்குன்னுதான் சொல்லுவாக. கேட்டவக மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற பதில் அது. ஜப்பான்காரவுகளும் அப்படித்தான் இருப்பாகன்னு எனக்குத் தோணுது, மரியாதை தெரிஞ்ச ஊருன்னு சொல்றாக. அதனால வாயக் கேக்காத. ஒரு மணி நேரம் கையில குடுத்து வச்சுட்டு, கீழ வைக்கும்போது பாரு. வச்ச ஒடனே கைய உதறுனா அது சரியில்லை. லோடுமேனுக்குப் புதுக் கொக்கி வாங்குனா நான் அப்படித்தான் பார்ப்பேன். இன்னொன்னு, தப்பு பண்ணிட்டா அன்னைக்கே சொல்லிடு. நான் பண்ணுன மாதிரி கோவத்த வச்சு மூடாத.

என் நெலைமைய மறைக்காமச் சொல்லிடுறேன், நீ எப்படியும் அம்மாகிட்டக் கேப்ப. சட்டையில மேல் ரெண்டு பட்டனும் இன்னும் அம்மாதான் போட்டுவிடுறா. சோறு பெசைஞ்சு சாப்பிடுறேன், ரசம் சாதம்னா சிந்துது. பங்குனியிலருந்து அரை நாள் மில்லுக்குப் போறேன், பஸ்ஸுல போயி பஸ்ஸுல வாரேன். டிரையர் பக்கம் மட்டும் விட மாட்டேங்குறாக. கோவம் கொறையல, அத உங்கம்மா தனியா எழுதுவா. நீ ஜப்பான் போறத அவ என்ன நெனைக்கிறான்னு நேத்துக் கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அப்படியே, அங்க குளுருமாமே, ஸ்வெட்டர் தேவகோட்டையில கெடைக்குமா காரைக்குடியிலேயே பார்க்கலாமான்னு கேட்டா. அவ பதில் அதுதான்.

இப்ப கார் விசயத்துக்கு வாரேன். கை பழக அந்த ரெண்டு மாசமும் நம்ம ரெண்டு பேரும் ஆடுன கார்ப் பந்தய விளையாட்டுல, மூணு, ரெண்டு, ஒன்னுன்னு சொன்னதும் எல்லாக் காரும் பறக்கும். வலது ட்ரிகர் இழுத்தாத்தான் கார் நகரும், பாதி மடங்குற என் விரலுக்கு அது அசையாது, அதனால என் காரு கோட்டுலேயே நிக்கும். இடது கைக்கு மாத்தித் தரவாப்பான்னு கேட்ட, வேணாம்னுட்டேன். அப்ப நீ என்ன பண்ணுன? நீ போகலாம், உன் விரலுக்கு என்ன கேடு? நீயும் என் பக்கத்துலேயே நின்ன. மத்தவனெல்லாம் ஒரு சுத்து முடிச்சுட்டு நம்மளத் தாண்டிப் போவான், நம்ம ரெண்டு காரும் நின்ன எடத்துல நிக்கும். அடுப்படியிலருந்து அம்மா எட்டிப் பார்த்து, "என்ன, அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே நேரத்துல வண்டி ரிப்பேரா?"ன்னு கேட்டுட்டுப் போவா. ரெண்டு மாசமும் நீ ஒரு தடவைகூட என்னைய விட்டுட்டுப் போகல. அது எனக்குச் சந்தோசமா இருந்துச்சு, அதையும் ஒத்துக்கிறேன். பொங்கல் முடிஞ்சு நீ பெங்களூர் போன பின்னாடி, பக்கத்துல உன் காரு இல்லாம என் காரு மட்டும் நின்னப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு, நான் உன்னைய எங்க நிக்க வச்சிருக்கேன்னு.

அதுலருந்து தெனமும் காலையில காபி குடிச்சதும் உக்காந்துருவேன். வேட்டித் துணி சுத்துன அதே கறுப்பு. மாசக்கணக்கா ஒன்னும் நடக்கல. திங்கக்கெழமை ட்ரிகர் கொஞ்சம் அசைஞ்சுச்சு, கார் உறுமுச்சு, நகரல. இன்னைக்கு வியாழன் காலையில, இந்தக் கடைசிப் பக்கத்த எழுத உக்காருறதுக்கு முன்னாடி, ட்ரிகர அடி வரைக்கும் இழுத்தேன். முழுசா. நோட்ட எடுத்து அந்தப் பாதிய அடிச்சுடு. கார் கெளம்பிப் போயி நேரா சுவத்துல முட்டிச்சு, மொத வளைவுலேயே. அம்மா அடுப்ப அணைச்சுட்டு ஓடி வந்தா. ரெண்டு பேரும் அந்த முட்டுன காரப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அவ அழுதா, நானும்தான்.

அதனால நாளைக்குச் சரின்னு சொல்லு. எனக்காக நீ கோட்டுல நிக்க வேணாம் தாயி, நீ ட்ரிகர இழுத்துக்கிட்டுப் போ. என் காரும் கெளம்பிருச்சு, முட்டி மோதி பின்னாடி வந்துக்கிட்டிருக்கேன்.

அப்பா